பழைய ரிசீவர் பாட மறுத்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஐம்பது வயதான ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்பிளிபையரும் ஒரே பெட்டியில்) ஒன்று மக்கர் செய்கிறது என்றதும் வரும் முதல் யோசனை, "உள்ள இருக்கிற கப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்திடுங்க" என்பதுதான். அந்த யோசனையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். மராண்ட்ஸ், பயனியர், சன்சுயி, யமஹா, கென்வுட் என்று 1970களில் வந்த செட்டுகளின் முகப்பைப் பாருங்கள். எத்தனை சுவிட்ச், எத்தனை குமிழ்! ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் வெள்ளி பூசிய சிறு தொடர்புமுனைகள் இருக்கின்றன. கோலாலம்பூரின் ஈரக்காற்றில் அவை ஆண்டுக்கணக்காகக் கறுத்துக்கொண்டே வந்திருக்கும். அதனால் தேடுகிற வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மின்சாரம், அடுத்து சுவிட்சுகளின் நிலை, அடுத்து தொடர்புமுனைகளின் அழுக்கு, அதற்கப்புறம்தான் சாலிடர் அயர்ன். அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் வாங்கி வந்ததானாலும் சரி, தாத்தா காலத்து அலமாரியிலிருந்து இறக்கியதானாலும் சரி, வரிசை இதுதான்.

பிளக் சொருகும் முன்: பின்பக்கத் தகடு

செட்டைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். மலேசிய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 2008க்கு முன் அதிகாரபூர்வ அளவு 240. இப்போதைய விதி கூட்டல் 10 விழுக்காடு, கழித்தல் 6 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. அதாவது 216 முதல் 253 வோல்ட் வரை எதுவும் வரலாம். மீட்டர் வைத்துப் பார்த்தால் 240க்குக் கீழே இறங்காத வீடுகள் இங்கே நிறைய. ஆகவே பின்பக்கத்திலுள்ள மின்னழுத்தத் தேர்வியில் (எந்த வோல்ட்டில் ஓடுவது என்று மாற்றும் சுவிட்சில்) 220, 240 இரண்டும் இருந்தால் 240இல் வையுங்கள். 220இல் வைத்து 245 வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மின்வழியும் 11 விழுக்காடு கூடுதலாக நிற்கும். மின்சாரத்தைச் சீராக்கும் பழைய பில்டர் கப்பாசிட்டர்கள் அந்த மிச்சத்தைத் தாங்கும் நிலையில் இருக்க மாட்டா.

தகட்டில் 100 வோல்ட் என்றிருந்தால் அது ஜப்பான் உள்நாட்டுச் செட். 120 என்றிருந்தால் அமெரிக்கச் செட். இரண்டுக்கும் மின்னழுத்தத்தை இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டி 110 வோல்ட் கொடுப்பது. ஜப்பான் செட்டுக்கு அதுவே 10 விழுக்காடு அதிகம், நம் வீட்டுச் சுவரில் 245 இருந்தால் இன்னும் அதிகம். 100 வோல்ட் என்று தனியாகக் குறித்ததைக் கேட்டு வாங்குங்கள். ரிசீவரின் தகட்டில் 300 வாட் என்றிருந்தால் பெட்டி 500 வாட்டாவது இருக்கட்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த அமெரிக்க டிரான்ஸ்பார்மர்கள் இங்கே 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், மெதுவாக உறுமவும் செய்யும். அந்த உறுமல் ஸ்பீக்கரிலிருந்து வராமல் பெட்டியிலிருந்தே வந்தால் அது பிழை அல்ல.

இன்னொரு கண்ணி பின்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. டர்ன்டேபிள் (ரெக்கார்ட் பிளேயர்) சொருகுவதற்காக இருக்கும் இரண்டு துளை மின்துளைகள், தேர்வி எந்த எண்ணில் நின்றாலும், சுவரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அப்படியே வெளியே தரும். 240இல் ஓடும் ரிசீவரின் பின்னால் 120 வோல்ட் டர்ன்டேபிளைச் சொருகினால் அதன் மோட்டார் எரிந்துபோகும்.

சுவிட்சைப் போட்டால் விளக்குக்கூட எரியவில்லை

மூன்று பின் பிளக்கினுள் இருக்கும் பியூஸை முதலில் பாருங்கள். வழக்கமாக அதில் 13 ஆம்ப் இருக்கும். ரிசீவருக்கு 3 ஆம்ப் போதும், அதுவே பாதுகாப்பும். பிறகு செட்டின் பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால், வயதாலோ ஆன் செய்யும்போது பாயும் மின்னோட்டத்தாலோ போயிருக்கும். அதே அளவு பியூஸ் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடியின் உட்புறம் வெள்ளிப் பூச்சுபோலவோ கரிபோலவோ படிந்திருந்தால் உள்ளே நேரடி ஷார்ட் இருக்கிறது. புதுப் பியூஸும் அதே கதிக்குத்தான் ஆளாகும். எந்த நிலையிலும் பெரிய பியூஸ் போடாதீர்கள். ஒரு விஷயம் பலருக்குத் தப்பிவிடுகிறது: 120இல் ஓடிய செட்டைத் தேர்வி மாற்றி 240இல் ஓட்டினால் பியூஸ் அளவு பாதியாக வேண்டும். 120இல் 4 ஆம்ப் போட்டிருந்தால் 240இல் 2 ஆம்ப், 250 வோல்ட் தாங்குவது, மெதுவாக எரியும் வகை.

ஷார்ட் சந்தேகம் இருந்தால் தொடர்பல்புச் சோதனை செய்யுங்கள். மின்சாரத்தின் லைவ் வயரை வெட்டி இடையில் ஒரு பல்பு ஹோல்டரை வைப்பதுதான் இது. ரிசீவருக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் பல்பு வழியாகவே போகும். இழைப் பல்பு அல்லது ஹாலஜன் பல்பு வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. சேனலுக்கு 40 வாட்டுக்கும் குறைந்த செட்டுக்கு 60 வாட் பல்பு, அதற்கு மேல் 100 வாட். ஸ்டெப்-டவுன் பயன்படுத்தினால் பல்பு அதற்கு முன்னால், சுவர்ப் பக்கம் இருக்கட்டும். சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு நொடி பளிச்சென எரிந்து, மங்கி, இழை மட்டும் செம்மஞ்சளாக நின்றால் செட்டில் பெரிய ஷார்ட் இல்லை. எரிந்த பல்பு எரிந்தபடியே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். பவர் டிரான்சிஸ்டர், ஏசியை டிசியாக்கும் ரெக்டிபையர், பில்டர் கப்பாசிட்டர் மூன்றில் ஒன்று ஷார்ட். பல்பு தொடரில் இருக்கும்போது ரிலே (ஸ்பீக்கருக்குப் போகும் வழியை மூடித் திறக்கும் தானியங்கிச் சுவிட்ச்) க்ளிக் வராமல் போகலாம். உள்ளே மின்னழுத்தம் குறைவதால் அப்படி ஆவது இயல்பு.

பியூஸ் நன்றாக இருந்தும் உயிர் இல்லையென்றால் பவர் சுவிட்ச். அதன் குறுக்கே தீப்பொறி அடக்க ஒரு சிறு கப்பாசிட்டர் இருக்கும். பல செட்டுகளில் அது வெடித்துக் கருகியிருக்கும். அந்த இடத்தில் சாதாரணக் கப்பாசிட்டர் வைக்கக் கூடாது. எக்ஸ்2 என்று முத்திரையிட்ட, 275 வோல்ட் ஏசி தாங்கும் வகை மட்டும்தான். ஜாலான் பாசாரில் உதிரிப் பாகம் விற்கும் கடைகளில் இது எளிதாகக் கிடைக்கும்.

விளக்கு எரிகிறது, ரிலே க்ளிக் கேட்கிறது, ஆனால் சத்தம் இல்லை

டேப் மானிட்டர். இந்தப் பொத்தான் அழுந்தியிருந்தால் ரிசீவர் தன் சொந்த ரேடியோவை விட்டுவிட்டு, பின்னால் இல்லாத கேசட் டெக்கிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். டேப் 1, டேப் 2 என்று இரண்டு இருந்தால் இரண்டையும் வெளியே விடுங்கள். டப்பிங் சுவிட்ச் இருந்தால் அதையும் சோர்ஸுக்குத் திருப்புங்கள்.

அடுத்து ஸ்பீக்கர் தேர்வி. வயர் ஏயில் இருக்க, குமிழ் பியில் நிற்கும். சில மாடல்களில் ஏ+பி என்ற நிலை இரண்டு ஜோடியையும் தொடராக இணைக்கும். ஒரு ஜோடி மட்டும் மாட்டியிருந்தால் அந்த நிலையில் சுற்று முழுமையாகாது, எதுவும் பாடாது. வேறு மாடல்களில் அதே ஏ+பி இணையாக இணைக்கும். 8 ஓம் ஜோடி இரண்டு மாட்டினால் ஆம்பிளிபையர் பார்ப்பது 4 ஓம். 6 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு ஜோடி என்றால் 3 ஓம் ஆகிவிடும். இது பல செட்டுகளுக்குத் தாங்காது.

பின்பக்கம் ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று எழுதிய இரண்டு ஜோடி ஆர்சிஏ துளைகள் இருக்கிறதா? அவற்றை இணைக்கும் ப வடிவ உலோகக் கம்பிகள் தொலைந்திருந்தால் செட்டின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இடையே பாலமே இல்லை. சாதாரண ஆர்சிஏ கேபிள் ஒரு சிறிய ஜோடி போட்டால் போதும். கம்பிகள் இருந்தாலும் துருப்பிடித்து ஒரு பக்கம் விட்டு விட்டுப் பாடும். கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் ரொம்பக் குறைவு என்றால் ஆடியோ மியூட்டிங் என்ற சுவிட்சைப் பாருங்கள். அது 20 டெசிபல் குறைக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகு ஹெட்போனைச் சொருகுங்கள். ஹெட்போனில் பாட்டு வந்து ஸ்பீக்கரில் வராவிட்டால் பிழை ஸ்பீக்கர் தேர்வியிலோ வயரிலோதான். உள்ளே ஆம்பிளிபையர் நன்றாகவே இருக்கிறது.

க்ளிக் வரவே இல்லை

ஆன் செய்து மூன்று முதல் எட்டு நொடிக்குள் ரிலே க்ளிக் என்று மூடும். அது மூடாமல் நிற்பது உங்கள் ஸ்பீக்கரைக் காப்பாற்றுவதற்காக. ரிலேயைக் கம்பி போட்டுத் தாண்டவைக்கும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவுட்புட்டில் 35 வோல்ட் டிசி நின்றால் 8 ஓம் வூபரின் சுருள் சில நொடிகளில் கருகும்.

முதலில் ஸ்பீக்கர் வயர்களை முழுதாகக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது க்ளிக் வந்தால் குற்றவாளி வயர்தான். ஸ்பிரிங் டெர்மினலில் ஒரேயொரு செம்பிழை பக்கத்துத் துளையைத் தொட்டுக்கொண்டிருக்கும், கண்ணுக்கு எளிதில் படாது. முனையை 10 மில்லிமீட்டர் மட்டும் உரித்து, முறுக்கி, ஈயம் பூசிச் சொருகுங்கள்.

அப்போதும் வரவில்லையென்றால் மூடியைத் திறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய பில்டர் கப்பாசிட்டர்கள் 30 முதல் 60 வோல்ட் வரை பிடித்துவைத்திருக்கும். 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, கை படாதபடி இன்சுலேஷன் போட்ட வயர்களில், ஒவ்வொரு கப்பாசிட்டரின் இரு முனைக்கும் ஒரு நிமிடம் வைத்து வடியவிடுங்கள். ஸ்குரூடிரைவரால் தொட்டுப் பொறி பறக்கவிடுவது கப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் விரலை உள்ளே விடலாம்.

இனி அளவு. செட்டைத் தொடர்பல்பு வழியாக ஆன் செய்து, ரிலேக்கு முன்னால், அதாவது ஆம்பிளிபையர் போர்டிலிருந்து ரிலேக்கு வரும் இரண்டு வயர்களில், சேசிஸுக்கு (செட்டின் உலோகச் சட்டத்துக்கு) எதிராக டிசி பாருங்கள். ஒரு கை பையில் இருக்கட்டும். இரு பக்கமும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஆம்பிளிபையர் நலம். ரிலேயை இயக்கும் சிறு சர்க்யூட்தான் சோம்பிக் கிடக்கிறது. அதிலுள்ள நேரம் கணக்கிடும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரும், ரிலே சுருளை இழுக்கும் டிரான்சிஸ்டரும் முதல் சந்தேகம். ஒரு பக்கம் மட்டும் 20, 30 வோல்ட் காட்டினால் அந்தப் பக்கத்தின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். அது தனியாகப் போவது அபூர்வம். டிரைவர் டிரான்சிஸ்டரையும் எமிட்டர் ரெசிஸ்டரையும் கூட்டிக்கொண்டுதான் போகும். ஜோடியாக எல்லாவற்றையும் சோதித்து மாற்றாமல் புது அவுட்புட் டிரான்சிஸ்டர் மட்டும் வைத்தால் அரை நொடியில் அதுவும் போய்விடும்.

தனித்தனி டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் எஸ்டிகே என்று தொடங்கும் ஒரு கறுப்புக் கட்டி ஹீட்சிங்கில் ஒட்டியிருந்தால் கவனமாக இருங்கள். அசல் எஸ்டிகே இப்போது கிடைப்பது அரிது, போலிகள் ஏராளம். வேலை செய்கிற நிலையில் இன்னொரு செட்டிலிருந்து கழற்றியதுதான் நம்பத்தக்கது. அந்த வகைச் செட்டை வாங்கும் முன்பே இதை யோசித்துவிட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது; சத்தத்தைக் கூட்டினால் மறுபக்கமும் விழித்துக்கொள்கிறது

பழைய ரிசீவர்களில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு இது. பயந்து விற்றுவிடுகிறவர்களும் உண்டு, ஆனால் சரிசெய்ய எளிதானதும் இதுவே.

முதலில் பிழை எங்கே என்று பிரியுங்கள். பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா பாருங்கள். பின்னால் ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றுங்கள். மௌனம் வேறு ஸ்பீக்கருக்குத் தாவினால் பிழை ரிசீவரில். அதே ஸ்பீக்கரில் நின்றால் ஸ்பீக்கரிலோ வயரிலோ. ரிசீவர்தான் என்று தெரிந்தால் வயர்களைப் பழையபடி மாட்டி, பாடும் கருவியின் ஆர்சிஏ பிளக்குகளை மாற்றிச் சொருகுங்கள். மௌனம் தாவினால் கேபிள் அல்லது கருவி. தாவாவிட்டால் ரிசீவருக்கு உள்ளே.

இப்போது அறிகுறியை உற்றுக் கவனியுங்கள். மெல்லப் பாடும்போது ஒரு பக்கம் மங்கி, பிசிறடித்து, அறுந்துபோகிறது. குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினதும் டக்கென்று முழுதாக வந்துவிடுகிறது. பிறகு குறைத்தாலும் கொஞ்ச நேரம் நன்றாகப் பாடுகிறது. இது ரிலேயின் கையெழுத்து. ரிலேயின் தொடர்புமுனை மீது படிந்த கறுப்புப் படலத்தைச் சிறு சிக்னல் ஊடுருவ முடியாது, பெரிய சிக்னல் உடைத்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் தெரியும்: வெள்ளிப் பொட்டாக மின்ன வேண்டிய இடம் வேப்பங்கொட்டை சுட்டதுபோல் கறுத்திருக்கும், நடுவில் ஊசிமுனை அளவு குழிகள்.

டிஆக்சிட் டி5 போன்ற தொடர்புமுனைக் கிளீனரை, கெட்டியான வெள்ளைத் தாளின் ஒரு பட்டையில் ஒரு சொட்டு விட்டு, இரு முனைகளுக்கும் இடையே நுழைத்து, விரலால் ரிலேயை மெல்ல அழுத்தித் தாளை உருவுங்கள். தாளில் கரிக்கோடு வரும். புது இடத்தில் திரும்ப உருவுங்கள். கோடு வராதவரை தொடருங்கள், கடைசியில் உலர்ந்த தாள். உப்புத்தாள், அரம் கூடாது. வெள்ளிப் பூச்சு போனால் செம்பு தலைகாட்டும், மூன்று மாதத்தில் பழைய கதை திரும்பும். குழி ஆழமாக இருந்தால் ரிலேயையே மாற்றிவிடுவது நல்லது. சுருளின் மின்னழுத்தம் அதே எண்ணாக இருக்க வேண்டும். பழைய ரிலேயின் மேலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 24 வோல்ட் டிசி. கால் அமைப்பும் பொருந்த வேண்டும், தொடர்புமுனை 5 ஆம்புக்குக் குறையக் கூடாது.

ரிலே சுத்தமாகியும் பிழை நின்றால், ஸ்பீக்கர் தேர்வி, டேப் மானிட்டர், மோனோ சுவிட்ச் என்று ஒவ்வொன்றையும் கிளீனர் விட்டு இருபது முறை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டும்போது எந்தச் சுவிட்சில் சத்தம் வந்து போகிறதோ அதுதான்.

குமிழைத் திருப்பினால் கரகர

அழுக்குப் பிடித்த வால்யூம். பிளக்கைப் பிடுங்கி, குமிழின் உட்புறக் கூட்டில் கால்கள் வெளிவரும் இடைவெளி வழியாகக் கிளீனரை ஒரு நொடி மட்டும் அடித்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை முப்பது தடவை திருப்புங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டுத் திரும்ப ஒருமுறை. நழுவிச் செல்லும் வகைக் குமிழ்களுக்கு, மசகு கலந்த டிஆக்சிட் எப்5 வகை பொருத்தம். டி5 அதிகமானால் உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்து, குமிழ் பிடிப்பற்றுச் சுழலும். டபிள்யூடி-40 வேண்டாம். அது ஆடியோ வால்யூமுக்காகச் செய்ததல்ல. மிச்சமாகும் எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டும்.

முகப்பைக் கழற்றாமல் தண்டின் வழியாக அடித்தால் கிளீனர் உள்ளே போகாது, டயல் கண்ணாடியில் வழியும். சில செட்டுகளின் டயல் எழுத்துகள் அதில் கரைந்துவிடும்.

திருப்பாதபோதே, வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும், ஒரு பக்கத்தில் சரசர, படபட என்று மழைத்தூறல்போல் ஓசை வந்தால் அது கிளீனருக்கு மசியாது. உள்ளே டிரான்சிஸ்டரே கிழிந்துகொண்டிருக்கிறது. 2எஸ்ஏ726, 2எஸ்சி458 இரண்டும் இதற்குப் பேர்போனவை. கேஎஸ்ஏ992, கேஎஸ்சி1845 என்பவை அமைதியான மாற்று. கால் வரிசையை டேட்டாஷீட்டில் ஒப்பிட்டுவிட்டுச் சாலிடர் செய்யுங்கள். இரு சேனலிலும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். இன்று அமைதியாக இருக்கும் பக்கம் அடுத்த ஆண்டு தொடங்கும். எந்த டிரான்சிஸ்டர் என்று கண்டுபிடிக்க உறைகுளிர் ஸ்பிரே உதவும். மேலே ஒரு துளி பட்டதும் சரசரப்பு நின்றால் அதுவே.

உர்ர் என்ற உறுமல்

வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். உறுமல் மாறாமல் நின்றால் அது வால்யூமுக்குப் பின்னால் பிறக்கிறது: பவர் சப்ளை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ரெக்டிபையரைக் கடந்ததும் 100 ஹெர்ட்ஸ் ஆகும். பில்டர் கப்பாசிட்டர் சோர்ந்தால் அந்த 100 ஹெர்ட்ஸ் கரகரப்பான உறுமலாகக் கேட்கும். இங்கேதான் கப்பாசிட்டர் மாற்றுவது நியாயம். அதே மைக்ரோபாரட் அல்லது 20 விழுக்காடு வரை கூடுதல், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வகை. நம் ஊர் அறையே 30 டிகிரிக்கு மேல் இருக்கும்போது 85 டிகிரி வகையில் மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

உறுமல் வால்யூமோடு கூடிக் குறைந்தால் வெளியிலிருந்து வருகிறது. எல்லா ஆர்சிஏ கேபிளையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டுங்கள். அஸ்ட்ரோ (செயற்கைக்கோள் டிவி) பெட்டியை மாட்டியதும் உறுமல் வந்தால், கூரையிலுள்ள டிஷ்ஷின் கேபிள் ஒரு தரையும், ரிசீவர் இன்னொரு தரையுமாக வளையம் போட்டிருக்கிறது. ஆடியோ கேபிளில் ஒரு சிறு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் தீரும். பிளக்கின் எர்த் பின்னைத் துண்டிப்பது வழியல்ல, உயிருக்கு ஆபத்து.

டர்ன்டேபிள் மட்டும் உறுமினால் அதன் மெல்லிய பச்சை அல்லது கறுப்பு எர்த் வயரைப் பின்னாலுள்ள ஜிஎன்டி திருகில் கட்டுங்கள். திருகின் மேல் துரு இருந்தால் சுரண்டிவிட்டுக் கட்டுங்கள்.

ரெக்கார்ட் மெலிதாக, அல்லது அலறிக்கொண்டு பாடுகிறது

டர்ன்டேபிளுக்கான போனோ துளை சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது; பெரும்பாலும் 2.5 மில்லிவோல்ட், 47 கிலோஓம். ஆக்ஸ், டேப் துளைகள் 150 மில்லிவோல்ட் எதிர்பார்ப்பவை. டர்ன்டேபிளை ஆக்ஸில் மாட்டினால் கொசுவாகப் பாடும். உள்ளேயே ப்ரீ-ஆம்ப் (சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் சர்க்யூட்) இருக்கும் புது டர்ன்டேபிளைப் போனோவில் மாட்டினால் அலறும், உடைந்து ஒலிக்கும். ப்ரீ-ஆம்பை அணைக்கும் சுவிட்ச் இருந்தால் அணைத்துப் போனோவிலும், இல்லாவிட்டால் ஆக்ஸிலும் மாட்டுங்கள். கைப்பேசி, புளூடூத் பெட்டி, சிடி எல்லாம் ஆக்ஸ் அல்லது டேப் துளைக்கே. சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தள்ளுவதால் குமிழ் எட்டு மணி நிலையிலிருந்து ஒன்பது மணிக்குப் போவதற்குள் சத்தம் அறையை நிறைத்துவிடும். அது பிழை அல்ல.

பாட்டு இழுத்து இழுத்து, குரல் கனத்து வந்தால் டர்ன்டேபிள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான ஏசி மோட்டார் கொண்டது. 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ சுற்று 27.8 ஆகும். ஸ்டெப்-டவுன் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸ் புல்லி ஒன்றுதான் வழி.

எப்.எம். வரவில்லை, வந்தாலும் மந்தம்

தமிழ் வானொலிகளான மின்னல் எப்.எம். கிள்ளான் பள்ளத்தாக்கில் 92.3, ராகா 99.3. உங்கள் டயல் 76இல் தொடங்கி 90இல் முடிந்தால் அது ஜப்பான் உள்நாட்டு அலைவரிசை. எவ்வளவு திருப்பினாலும் இவை இரண்டும் அதில் கிடைக்கா. அந்த டியூனரை மாற்றியமைக்கச் செலவழிப்பதைவிட, ஒரு சிறு ரேடியோவை ஆக்ஸில் மாட்டிக்கொள்வது மேல்.

டயல் 88 முதல் 108 வரை இருந்தும் வெறும் இரைச்சல்தான் என்றால் ஆன்டெனா. 300 ஓம் தட்டை வயரில் டி வடிவ டைபோல், குறுக்குக் கை மொத்தம் ஏறக்குறைய 1.5 மீட்டர். சுவரில் படுக்கையாகவும் செங்குத்தாகவும் வைத்துப் பார்த்து, சிக்னல் மீட்டர் எங்கே உயருகிறதோ அங்கே ஒட்டுங்கள். பல நிலையங்களின் ஒலிபரப்பு கெந்திங் பக்கம் குனோங் உலு காலி மலையிலிருந்து வருகிறது. கான்கிரீட் அடுக்குமாடியில் அந்தத் திசைச் சன்னலோரம் வைத்தாலே நிலைமை மாறிவிடும். 75 ஓம் கேபிளை 300 ஓம் திருகில் மாட்டுவதானால் இடையில் ஒரு பாலன் (இரண்டு ஓம் அளவுகளைப் பொருத்தும் சிறு இணைப்பி) வேண்டும்.

ஸ்டீரியோ விளக்கு எரியாவிட்டால் முதலில் மோட் சுவிட்ச் மோனோவில் இல்லையே என்று பாருங்கள். வலுவான நிலையத்திலும் எரியவில்லையென்றால் ஸ்டீரியோ ஒலிபரப்பை அடையாளம் காட்டும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னலைப் பிடிக்கும் மல்டிபிளெக்ஸ் சர்க்யூட்டின் சரிப்படுத்தல் விலகியிருக்கும். அதைச் சர்வீஸ் மேனுவலில் சொன்ன முனையில் அதிர்வெண் மீட்டர் வைத்துத்தான் திருப்ப வேண்டும். நடுமுள் மீட்டர் நடுவில் நிற்கும்போது சிக்னல் மீட்டர் உச்சத்தில் இல்லையென்றாலும் மேனுவலைப் பார்த்துக் கருவி வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். உள்ளே வண்ண வண்ணமாகத் தெரியும் காயில் திருகுகளை ஆசைக்குக்கூடத் தொடாதீர்கள். அரைச் சுற்று போதும் டியூனர் செவிடாக.

அமெரிக்கச் செட்டில் எப்.எம். மட்டும் போர்வை போர்த்தியதுபோல் மந்தமாகக் கேட்டால் காரணம் வேறு. அங்கே டி-எம்பாசிஸ் (ஒலிபரப்பில் தூக்கிவிட்ட மேல்சுருதியை ரிசீவர் திரும்பக் குறைப்பது) 75 மைக்ரோவினாடி, இங்கே 50. 10 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 டெசிபல் விழுந்துவிடும். பின்னால் 50, 75 என்று சுவிட்ச் இருந்தால் 50இல் வையுங்கள். இல்லாவிட்டால் ட்ரெபிளை ஒரு புள்ளி ஏற்றினால் போதும். ஒரு கப்பாசிட்டர் ஜோடியை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு மாற்றினால் முழுதாகத் தீரும்.

டயல் இருட்டு

பியூஸ் வடிவ லாம்புகள். பல செட்டுகளில் 8 வோல்ட், 250 அல்லது 300 மில்லிஆம்ப். எல்இடி போட்டால் சூடு குறையும், ஆனால் பயனியரின் பொன்னிறம், மராண்ட்ஸின் நீலம் மாறிவிடும்; இதமான வெள்ளை வகையை வாங்கி ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள். ஸ்டீரியோ காட்டும் குட்டி லாம்பை மட்டும் அதே மில்லிஆம்ப் அளவில் மாற்றுங்கள். அது டிரான்சிஸ்டரால் நேரடியாக ஓட்டப்படுவது. பெரிய லாம்பு அந்த டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும்.

மூடியைப் போடும் முன்

திறந்தது திறந்தாயிற்று, டார்ச் அடித்து இரண்டு விஷயம் பாருங்கள். பெரிய கப்பாசிட்டர்களின் அடியில் பழுப்பு நிறத்தில், காய்ந்த வெல்லப்பாகுபோல் ஒரு பசை இருந்தால், அது தொழிற்சாலையில் ஒட்டியது. முதலில் வெளிர் மஞ்சளாக இருந்தது கறுக்கக் கறுக்க மின்சாரம் கடத்தும், பக்கத்து ரெசிஸ்டர் கால்களை அரிக்கும். மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பச்சை பூத்த கால்களை மாற்றுங்கள். அடுத்தது பல்லி. காற்றுத் துளை வழியாக நுழைந்து, சூடான டிரான்ஸ்பார்மரோரம் முட்டையிடும், மின்முனைகளின் குறுக்கே செத்தும் கிடக்கும். துளைகளின் உட்புறம் நைலான் கொசுவலைத் துண்டை ஒட்டலாம்; காற்றோட்டம் தடைபடாத அளவு மெல்லியதாக இருக்கட்டும். செட்டின் மேலே 10 சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள், ஆம்பிளிபையர் மூச்சுவிட வேண்டும். இடி இடிக்கும் மாலைகளில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, வெளியே போகும் ஆன்டெனா வயரையும் கழற்றுங்கள்.

பிறகு தொடர்பல்பு இல்லாமல், உடைந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய ஸ்பீக்கர் ஜோடியை மாட்டி இரண்டு மணி நேரம் பாடவிடுங்கள். நன்றாகச் சூடேறிய நிலையில் ஸ்பீக்கரைக் கழற்றி, முனைகளில் டிசியை மறுபடி அளங்கள். குளிர்ந்தபோது 20 மில்லிவோல்ட் காட்டியது சூட்டில் 40க்குள் நின்றால் நல்ல ஸ்பீக்கரை மாட்டலாம். 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மூடியின் திருகுகளை இன்னும் முறுக்காதீர்கள். அந்தப் பக்கத்தின் முதல் நிலை டிரான்சிஸ்டர் ஜோடியை மாற்றிவிட்டு இதே இரண்டு மணி நேரத்தைத் திரும்ப ஓட்டுங்கள்.